தோட்டக் குளத்தில் பெருந்தவளை

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்ததும் தாமரைத் தொட்டியும் தோட்டக் குளமும் வைத்திருப்பவர்கள் ஒரே கவலையைச் சொல்வார்கள். கப்பி மீன்கள் குறைந்துகொண்டே வருகின்றன. சாயங்காலமானால் குளத்து விளிம்பில் உள்ளங்கையை விடப் பெரிய தவளை ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் போனால் தொபீரென்று தண்ணீரில் பாய்ந்து மறைந்துவிடுகிறது. அதைப் பிடித்து எங்கேயாவது விட்டுவிடலாமா, உப்புப் போட்டால் போய்விடுமா, குழந்தைகளுக்கு ஆபத்து உண்டா என்று கேட்பார்கள்.

இந்த அத்தியாயம் அந்தத் தவளையைப் பற்றியது. முழுக்கப் படித்து முடிக்கும் வரை தவளையின் மேல் கைவைக்காதீர்கள். குளத்தின் விளிம்பு இப்போது இருப்பது போலவே இருக்கும் வரை, ஒரு தவளையை அகற்றினால் அடுத்த மழைக்கு வேறொன்று அதே இடத்தில் வந்து உட்காரும். ஈரமான மண்சரிவு, மேலே கவிந்த செடி, எதிரே திறந்த தண்ணீர், இரவெல்லாம் பூச்சிகளை இழுக்கும் விளக்கு ஆகிய நான்கும் சேர்ந்த இடம் பெருந்தவளைக்கு மிக நல்ல வேட்டைக்களம். அதனால் நம் வேலையில் பெரும்பகுதி விளிம்பில்தான் இருக்கிறது.

அது பெருந்தவளைதானா?

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பெரிதாகத் தெரியும் தவளைகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. தவறான தவளையின் மேல் பழி விழுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஆகவே டார்ச்சும் பொறுமையும் எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள்.

நாம் பேசுவது இந்தியப் பெருந்தவளை. அறிவியல் பெயர் ஹோப்லோபாட்ரக்கஸ் டைகரினஸ். மூக்கு நுனியிலிருந்து பின்புறம் வரை, காலைச் சேர்க்காமல், 16 செ.மீ. வரை வளரும், ஒரு சாணை விடக் குறைவு. ஆணை விடப் பெண் பெரிது. ஆலிவ் பச்சையோ பழுப்போ கலந்த உடம்பில் கருந்திட்டுகள் இருக்கும். பலவற்றுக்கு மூக்கிலிருந்து முதுகு நெடுக வெளிர்மஞ்சள் கோடு ஒன்று ஓடும். முதுகுத் தோலில் நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக மேடுகள் தெரியும். மூக்கு கூர்மையானது, பின்னங்கால் விரல்கள் சவ்வால் முழுக்க இணைந்திருக்கும். விரல் நுனியில் ஒட்டும் வட்டுகள் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சுவரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இதன் உறவான ஜெர்டன் பெருந்தவளையும் நம் ஊரிலும் இலங்கையிலும் உண்டு. அது இன்னும் குண்டான உடம்பு கொண்டது, மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும். வீட்டுக் குளத்தைப் பொறுத்தவரை இரண்டையும் ஒரே விதமாகவே கையாளலாம்.

குழப்பம் வருவது மற்றவற்றில். தாமரை இலைகளுக்கு நடுவே நல்ல பச்சை நிறத்தில், மழமழவென்ற முதுகோடு, 13 செ.மீ. வரை வளர்ந்த தவளை மிதந்தால் அது பச்சைக் குளத்துத் தவளை, யூஃப்ளிக்டிஸ் ஹெக்ஸாடாக்டிலஸ். இது வளர்ந்த பிறகு பெருமளவு நீர்ச்செடிகளையே தின்னும். இலை தின்னும் தவளை உலகத்திலேயே அரிது; அந்த அரிதான உயிர் நம் ஊர்க் குளங்களில் இருக்கிறது. உங்கள் மீன் குறைவதற்கு இதைக் காரணமாகச் சொல்வது அநியாயம். தாமரை இலையில் கொஞ்சம் கடிபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்மேல் தலையை மட்டும் நீட்டி மிதந்து, கல்லெறிந்தால் நீர்ப்பரப்பின் மேலேயே தத்தித் தத்தி ஓடும் சிறிய தவளை வேறு. அது கட்டைவிரலை விடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும், பூச்சிகளைப் பிடித்து வாழும். சொரசொரப்பான தோலும் கண்ணுக்குப் பின்னால் புடைத்த சுரப்பிகளும் கொண்டு, தாவாமல் குதித்துக் குதித்து நடப்பது தேரை. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது மரத்தவளை. இந்த மூன்றும் வளர்ந்த மீனுக்கு எந்தத் தொல்லையும் தராது.

மீனைத் தின்றது யார்?

பெருந்தவளை வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கப் பார்க்கும் என்பது உண்மை. வண்டு, வெட்டுக்கிளி, மண்புழு, நண்டு, மரவட்டை, சுண்டெலி, பல்லி, சிறு பாம்பு, சிறு பறவை, பிற தவளைகள், தன் இனத்தின் குட்டிகள் என்று எதையும் விடாது. அதன் கண் அசைவைத்தான் பிடிக்கும். அசையாத இரை பக்கத்திலேயே இருந்தாலும் கவனிக்காது. அசைந்தால் ஒரே பாய்ச்சல். தரையில் நாக்கை வீசிப் பிடிக்கும். நாக்கு தண்ணீருக்குள் பயன்படாது என்பதால் அங்கே தாடையால் கவ்வி, முன்னங்கைகளால் வாய்க்குள் தள்ளும். விழுங்கும்போது கண்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த அழுத்தமும் இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகிறது.

ஆனாலும் அதன் உணவில் பெரும்பங்கு கரையிலிருந்து வருகிறது. பெருந்தவளை குளத்துக்குள் மீனைத் துரத்தி வேட்டையாடும் பிராணி அல்ல. விளிம்பில் உட்கார்ந்து காத்திருப்பதே அதன் வழக்கம். மேற்பரப்புக்கு வரும் கப்பியும் மோலியும், விளிம்போரம் ஒதுங்கும் மீன்குஞ்சுகளும் அகப்படும். வளர்ந்த கோய், தங்கமீன் போன்றவை அதன் வாயில் அடங்கா. ஒரு சாண் நீளம் தாண்டிய மீனுக்குப் பெருந்தவளையால் ஆபத்தில்லை என்று தைரியமாக இருக்கலாம்.

அதனால் மீன் குறைந்தால் முதலில் நேரத்தைக் கவனியுங்கள். காலையில் இருந்த மீன் மாலைக்குள் குறைந்தால் மடையானையோ வெண்மார்பு மீன்கொத்தியையோ சந்தேகியுங்கள். மடையான் ஒரு முறை குளத்தைக் கண்டுவிட்டால் தினமும் வரும். பொறுமையில் தவளைக்கு இணையானது. இரவில் குறைந்தால் இராக்கொக்கு, தண்ணீர்ப் பாம்பு, பூனை, தவளை நான்கையும் பார்க்க வேண்டும். பாதி தின்று போட்ட மீனோ, செதில்கள் சிதறிய கரையோ தென்பட்டால் தவளை இல்லை. அது எதையும் முழுதாக விழுங்கும். விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தால் வேட்டையே நடக்கவில்லை. இரவில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கிறது. பாசியும் செடியும் மண்டிய சிறு குளத்தில் இது அடிக்கடி நடக்கும். மீன்குஞ்சுகள் மட்டும் காணாமல் போனால், தொட்டியின் அடியில் வண்டலை அள்ளிப் பாருங்கள். தட்டானின் இளம்புழுக்கள் இருக்கலாம். அவை குஞ்சுகளைப் பிடித்துத் தின்பதில் தேர்ந்தவை.

தவளைதான் என்று உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. அது உட்காரும் இடத்தைச் சுற்றி எச்சத்தைத் தேடுங்கள். பெருந்தவளையின் எச்சம் அதன் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிது. கறுப்பாக, உருளையாக இருக்கும். குச்சியால் பிரித்தால் வண்டு இறக்கையும் நண்டு ஓடும் பளபளக்கும். பெரும்பாலான தோட்டங்களில் அந்த எச்சத்தில் கிடைப்பது பூச்சிகள்தான். அதைப் பார்த்த பிறகு, இந்தத் தவளை நம் வெண்டைக்கும் கத்தரிக்கும் காவல் இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் மகிழ்ச்சி; இந்த அத்தியாயத்தின் மீதியில் உங்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான்.

விளிம்பைத் திருத்துவது

மீனைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால் இங்கே நேரம் செலவழியுங்கள். பெருந்தவளை நன்றாகத் தாவும், ஏறத் தெரியாது. விரல் நுனியில் ஒட்டும் வட்டு இல்லாததால் வழவழப்பான செங்குத்துச் சுவர் அதற்குத் தடை. இந்த ஒரு குறையை வைத்துத்தான் எல்லா ஏற்பாடும்.

புதிதாகக் குளம் அமைப்பவர் என்றால் தரைமட்டக் குளத்தை விட்டுவிடுங்கள். கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் காங்கிரீட் போட்டு, உட்புறம் பூசிவிட்டால் மலிவான, உறுதியான தாமரைத் தொட்டி கிடைக்கும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரட்டும். மேல் விளிம்பை வெளிப்பக்கம் மூன்று அங்குலம் நீட்டிப் பூசச் சொல்லுங்கள். வெளிச்சுவரைச் சொரசொரப்பாக விடாமல் மழமழவென்று இழைக்க வேண்டும். அழகுக்கென்று கருங்கல் பதித்தால் அது தவளைக்குப் படிக்கட்டாகிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தவளை உள்ளே வந்துவிட்டதே என்பவர்களின் வீட்டில் காரணம் பெரும்பாலும் பூந்தொட்டிதான். தொட்டியின் பக்கத்தில் ஒரு மண்சட்டி, அதற்குப் பக்கத்தில் உயரமான இன்னொன்று என்று அழகாக அடுக்கியிருப்பார்கள். சுவரை ஒட்டி இரண்டடி தூரத்துக்கு எதையும் வைக்காதீர்கள். சாய்ந்து கிடக்கும் கிளை, சுருட்டி வைத்த ஹோஸ் பைப், மறந்துபோன செங்கல், எல்லாமே ஏணிகள்.

ஏற்கெனவே தரைமட்டத்தில் குளம் இருந்தால் வேலி கட்ட வேண்டும். இரண்டரை அடி உயரம், மண்ணுக்குள் அரை அடி. பாலிகார்பனேட் ஷீட் நன்றாக உழைக்கும். செலவு வேண்டாம் என்றால் பழைய பிளெக்ஸ் பேனரை வெட்டி மூங்கில் குச்சிகளில் இழுத்துக் கட்டினாலே போதும். அதன் வழவழப்பு தவளைக்கு ஆகாது. குச்சிகள் உள்பக்கம் இருக்கட்டும். வேலியின் மேல் நுனியை வெளிப்பக்கம் மடித்துவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடலாம். ஆண்டு முழுதும் அந்தக் காட்சியைச் சகிக்க வேண்டியதில்லை. தை மாதத்துக்குப் பிறகு தரை காயக் காய, பெருந்தவளைகள் வளைகளிலும் மண்ணுக்குள்ளும் ஒடுங்கிவிடும்.

தண்ணீருக்கு மேலே மூடுவது இன்னொரு வழி. இதில் ஒரு கடுமையான எச்சரிக்கை: பூப்பந்துக்கும் கோழிக்கூண்டுக்கும் கட்டும் மெல்லிய நைலான் வலையைத் தளர்வாக விரிக்காதீர்கள். சாரைப்பாம்பும் தண்ணீர்ப் பாம்பும் தலையை நுழைத்து, செதில் மாட்டி, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் வெயிலில் சாகும். தவளையும் பறவையும் அப்படியே. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை இரும்புச் சட்டத்தில் இறுக்கமாக அடித்து மூடுங்கள். இது தவளை, மடையான், பூனை மூன்றுக்கும் ஒரே பதில். சிறு குழந்தை உள்ள வீட்டில் இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தவளையால் ஆபத்து என்பதற்காக இல்லை. ஒரு சாண் ஆழத் தண்ணீரே குழந்தைக்கு எமன்.

உயரமான சுவர் கட்டினீர்கள் என்றால் உள்ளே ஒரு கட்டையைச் சாய்த்து மிதக்க விடுங்கள். ஓணானும் அணிலும் தண்ணீர் குடிக்க வந்து தவறி விழுவது உண்டு. ஏறி வர வழி இல்லாவிட்டால் மூழ்கிவிடும். கட்டை உள்ளே இருப்பதால் வெளியிலிருக்கும் தவளைக்கு லாபம் எதுவும் இல்லை. எப்படியோ உள்ளே வந்துவிட்ட தவளை வெளியேறவும் அது உதவும்.

வேலி கட்ட விருப்பமில்லாதவர்கள் பழக்கங்களை மாற்றியே நிறையச் சாதிக்கலாம். குளத்தின் மேல் எரியும் விளக்கை அணையுங்கள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், அதன் கண்ணெதிரே மீன் தென்படும். மீனுக்கு மாலையில் இரை போடும் வழக்கத்தை விடுங்கள். இரைக்காக மேலே கூடிய மீன்கள் இருட்டும் நேரத்தில் விளிம்போரம் சுற்றிக்கொண்டிருக்கும். காலை பத்து மணிவாக்கில் போட்டால் அந்த ஆபத்து இல்லை. குளத்தின் நடுப்பகுதி இரண்டடி ஆழமாவது இருக்கட்டும். அங்கே வேலம்பாசியை வளரவிட்டு, உடைந்த மண்பானையோ இரண்டு துண்டு பிவிசி குழாயோ போட்டு வைத்தால் மீன்கள் ஒதுங்க இடம் கிடைக்கும். கரையோரப் புல்லையும் கவிந்த செடிகளையும் ஓரடி தள்ளி வெட்டுங்கள். மறைவு இல்லாத விளிம்பில் தவளை அதிக நேரம் உட்காராது. ஆந்தைக்கும் பாம்புக்கும் அதுவே இரை என்பது அதற்குத் தெரியும்.

தவளைக்கு ஒரு தனிக் குழி

தோட்டத்தில் இடம் இருந்தால் நான் மனமாரச் சொல்வது இதைத்தான். மீனுக்கு உயர்ந்த தொட்டி, தவளைக்குத் தரையில் ஒரு பள்ளம். ஐந்தடி அகலம், முக்கால் அடி ஆழம் போதும். நாலா பக்கமும் சரிவாக, மழைநீர் மட்டும் தேங்குமாறு, படுக்கையறைச் சன்னலுக்கு எட்டாத மூலையில் தோண்டுங்கள். பெருந்தவளை முட்டையிட நாடுவது மழையில் புதிதாகத் தேங்கிய ஆழமற்ற நீரைத்தான். மீன் நிறைந்த நிரந்தரக் குளம் அதன் முதல் விருப்பம் அல்ல. பள்ளத்தில் மீன் விடாதீர்கள். கம்பூசியாவை ஒருபோதும் விடாதீர்கள். கொசு ஒழிப்புக்கென்று பரப்பப்பட்ட அந்த வெளிநாட்டு மீன் தலைப்பிரட்டைகளையும் உள்ளூர் மீன்குஞ்சுகளையும் சேர்த்தே அழிக்கிறது.

கொசு வருமே என்பது நியாயமான கேள்வி. வாரம் ஒரு முறை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு பாருங்கள். தலைப்பிரட்டையும் நீர்ப்பூச்சிகளும் இருக்கும் குழியில் கொசுப்புழு பெருகுவது கடினம். அப்படியும் நெளிந்தால், தலைப்பிரட்டை இல்லாத நிலையில், தண்ணீரை இறைத்துவிடுங்கள். அடுத்த மழை நிரப்பிக்கொள்ளும்.

மழை இரவுகள்

முதல் கனமழைக்குப் பிறகு ஆண் பெருந்தவளை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். உடம்பு எலுமிச்சை மஞ்சளாகிவிடும், தொண்டையின் இருபுறமும் அடர்நீலப் பைகள் உப்பும். இதைப் பார்த்து வெளிநாட்டு விஷத் தவளை வந்துவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். கூடும் காலம் கழிந்ததும் மஞ்சள் மங்கிப் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். சத்தம் பெரிதுதான், ஆனால் இந்தக் கூடல் கனமழையை ஒட்டிய சில இரவுகளில் முடிந்துவிடும். குமரியிலும் தேனி, கோவைப் பக்கத்திலும் தென்மேற்குப் பருவத்திலேயே கேட்கலாம். சென்னையிலும் டெல்டாவிலும் வடகிழக்குப் பருவத்தில் அதிகம். அந்த இரவுகளைப் பொறுத்துக்கொள்வதே நான் தரும் ஆலோசனை. கல்லெறிந்தாலும் டார்ச் அடித்தாலும் பத்து நிமிடம் அமைதி கிடைக்கும், அவ்வளவுதான்.

மீன் தொட்டிக்குள் முட்டையிட்டுவிட்டால் அவசரப்பட்டு அள்ளிக் கொட்ட வேண்டாம். ஒரு பெண் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்; அவற்றில் பெரும்பங்கை மீன்களே தீர்த்துவிடும். கவலைக்குரியது தப்பிப் பிழைத்த தலைப்பிரட்டைகள். மற்றத் தவளைகளில் பெரும்பாலானவற்றின் தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டித் தின்னும். பெருந்தவளையின் தலைப்பிரட்டைகள் ஊன் தின்பவை. பிற தலைப்பிரட்டைகளையும் கொசுப்புழுக்களையும் தம்மை விடச் சிறிய மீன்குஞ்சுகளையும் பிடித்துத் தின்னும். இரை குறைந்தால் ஒன்றை ஒன்று தின்னும். வற்றிப்போகும் குட்டையில் பிறந்த உயிர் அவசரமாக வளர்ந்தாக வேண்டும், அதற்கு ஊன் உணவு வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் கால் முளைத்துக் கரையேறிவிடும். மீன்குஞ்சு வளர்ப்பவர்கள் அந்த ஒரு மாதம் குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் தலைப்பிரட்டைகளைச் சல்லடை வலையால் வாரி, மேலே சொன்ன மழைநீர்ப் பள்ளத்தில் விட்டுவிடுங்கள்.

பிடித்தே ஆக வேண்டும் என்றால்

தொட்டிக்குள் விழுந்து ஏற முடியாமல் தவிக்கிறது, அல்லது வேலி கட்டியபோது உள்ளே மாட்டிக்கொண்டது என்றால் எடுத்து வெளியே விடத்தான் வேண்டும். வேலி அமைத்த பிறகே இதைச் செய்யுங்கள். முன்பே செய்தால் வீண்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தவளைக்கால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் என்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. வயலிலும் குட்டையிலும் இரவில் விளக்கு வைத்துப் பிடிக்கப்பட்டவற்றில் முதன்மையானவை பெருந்தவளையும், நாம் மேலே பார்த்த பச்சைக் குளத்துத் தவளையும். வயலில் பூச்சிகளையும் நண்டுகளையும் தின்றுகொண்டிருந்த தவளைகள் இப்படி அள்ளிச் செல்லப்பட்டதைப் பற்றி இயற்கை ஆர்வலர்களும் அறிவியலாளர்களும் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 1985-இல் இந்த இரண்டு இனங்களும் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 1987-இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்தது. இவற்றை வேட்டையாடுவதற்கும் விற்பதற்கும் எதிராக 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதன் பட்டியல்கள் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்டன. எனவே கொல்வது, விற்பது, வளர்ப்புக்கென்று அடைத்து வைப்பது பேச்சுக்கே இடமில்லை. தோட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பிடிக்கும் முறை எளிது. இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடித்தால் தவளை சற்று நேரம் அசையாது. கைகளைக் குளத்துத் தண்ணீரிலேயே நனைத்துக்கொள்ளுங்கள். கையில் சோப்பு, கொசு விரட்டிக் களிம்பு, பூச்சி மருந்து எதுவும் இருக்கக் கூடாது. தவளை தோலால் நீரை உறிஞ்சுவது, கையிலுள்ள ரசாயனமும் சேர்ந்தே உள்ளே போய்விடும். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், இடுப்பை வளைத்துப் பிடியுங்கள். உதைத்து நழுவப் பார்க்கும், கடித்தாலும் காயம் ஆகாது. கை வைக்கத் தயங்கினால் மீன் வலையால் கோரி, மூடியுள்ள பக்கெட்டில், நனைத்த கோணிச் சாக்கின் மேல் வையுங்கள். பக்கெட்டில் தண்ணீர் நிரப்ப வேண்டாம். மூடியில் காற்றுத் துளைகள் இருக்கட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அன்றிரவே, வேலிக்கு வெளியே, அதே தோட்டத்தின் ஈரமான மறுபக்கத்தில் விடுங்கள். தூரத்து ஏரிக்கோ மலை ஓடைக்கோ கொண்டுபோய் விடுவது நல்ல எண்ணத்தில் செய்யும் தீமை. தவளைகளுக்குத் தம் இடத்தைத் தேடித் திரும்பும் திறன் உண்டு. வழியில் சாலையைக் கடக்கும்போது நசுங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து நோய். உலகின் பல நாடுகளில் தவளை இனங்களை அழித்த கைட்ரிட் பூஞ்சை தண்ணீரோடும் தவளையோடும் பயணம் செய்வது. ஒரு நீர்நிலையின் தவளையை இன்னொன்றில் விடாதிருப்பது, நம்மால் செய்ய முடிந்த எளிய காப்பு.

தண்ணீரில் எதையும் கொட்டாதீர்கள்: உப்பு, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், பீனாயில், புகையிலைக் கரைசல் எதுவும் வேண்டாம். தவளையை விரட்டும் அளவுக்குப் போட்டால் மீனும் தாமரையும் முதலில் சாகும்.

வீட்டுப் பிராணிகளும் பாம்பும்

நாய் தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தேரையின் சுரப்பியில் நஞ்சு உண்டு. உடனே வாயைத் தண்ணீரால் கழுவிக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பெருந்தவளையிடம் அந்தச் சுரப்பி இல்லை. கோழி வளர்ப்பவர்கள் அன்று பொரித்த குஞ்சுகளைப் பொழுது சாயும் முன்பே பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட வேண்டும். அந்த அளவுள்ள எதையும் பெருந்தவளை விழுங்க முயலும்.

தவளை கூடும் இடத்துக்குப் பாம்பு வரும். பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பும் சாரையும், இரண்டுக்கும் விஷமில்லை. நல்ல பாம்பும் தவளை தின்னும் என்பதால் மழை இரவில் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் குளத்துப் பக்கம் போகாதீர்கள். வினோதமாக, பலவீனமாக, விட்டு விட்டு ஒரு தவளை கத்தினால் அது பாம்பின் வாயில் இருக்கலாம். காப்பாற்றக் கை நீட்ட வேண்டாம்.

அந்தமானில் இருப்பவர்களுக்கு

இதுவரை சொன்னதெல்லாம் தமிழ்நாட்டுக்கும் பெருந்தவளை இயல்பாக வாழும் பிற நிலப்பகுதிகளுக்கும். அந்தமானில் குளமோ மீன் பண்ணையோ வைத்திருக்கும் வாசகர்கள் வேறு முடிவு எடுக்க வேண்டும். அந்தத் தீவுகளில் பெருந்தவளை இயற்கையாக இருந்ததில்லை. மீன்வளர்ப்புக்கென்று கொண்டுவரப்பட்ட மீன்குஞ்சுகளோடு கலந்து வந்த தலைப்பிரட்டைகள் மூலம் நுழைந்து, சில ஆண்டுகளிலேயே பல தீவுகளுக்குப் பரவிவிட்டது. ஆய்வாளர்கள் நித்ய பிரகாஷ் மொஹந்தியும் ஜான் மீசியும் 2019-இல் வெளியிட்ட சோதனையில், பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளோடு ஒரே தொட்டியில் வைக்கப்பட்ட உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. அங்கே மட்டுமே வாழும் தவளைகள், பல்லிகள் எல்லாம் இப்படிப்பட்ட வேட்டையாடியை அறியாமலே வளர்ந்தவை. மாலத்தீவிலும் மடகாஸ்கரிலும்கூட இதே தவளை மனிதர் கையால் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனவே அங்கே தவளைக்குத் தனிக் குழி தோண்டாதீர்கள். தலைப்பிரட்டைகளை வாரி வேறு நீரில் விடாதீர்கள். குளத்தில் பெருந்தவளையைக் கண்டால், குறிப்பாக அது இதுவரை வராத தீவில் கண்டால், படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அகற்றுவதை அவர்கள் சொல்லும் முறையில் செய்யுங்கள். பயன்படாத தொட்டிகளிலும் பள்ளங்களிலும் மழைநீர் தேங்கவிடாமல் இறைத்துவிடுங்கள். மீன்குஞ்சு வாங்கும்போது பாலித்தீன் பையை நேராகக் குளத்தில் கவிழ்க்காமல், வெள்ளை நிறத் தட்டு ஒன்றில் ஊற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்துக் குளத்தில் விடுங்கள். மிஞ்சிய தண்ணீரை ஓடையிலோ சாக்கடையிலோ விடாமல், வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றிவிடுங்கள்.